தியாகபூமி: தொடக்ககாலப் பேசும்பட மெலோடிராமா வென்ற இடமும் நழுவிய இடமும்

தமிழ்ப் பேசும்படம் பிறந்து எட்டு ஆண்டுகள்கூட நிறையாத காலத்தில், 1939 மே 20 அன்று, சென்னை கெயிட்டி திரையரங்கில் கே. சுப்ரமணியம் இயக்கிய 'தியாகபூமி' வெளியானது. அந்தத் தலைமுறைப் படங்களைப் பற்றி இன்று பேசுகிறவர்களில் ஒரு சாரார் பாட்டையும் பக்தியையும் நினைத்து உருகுகிறார்கள். மற்றொரு சாரார் ஓயாத அழுகை, மேடைப் பேச்சு, நம்ப முடியாத தற்செயல்கள் என்று சொல்லி மொத்தமாக ஒதுக்கிவிடுகிறார்கள். ஒதுக்குகிறவர்களிடமும் ஒரு பெருந்தன்மை உண்டு. அன்றைக்கு இருந்த கருவி அவ்வளவுதான் என்று மன்னித்தும் விடுவார்கள். அந்த மன்னிப்பைத்தான் இங்கே கேள்விக்கு உட்படுத்த விரும்புகிறேன். அந்தப் படங்களின் குறைகளில் கருவியால் வந்தவை ஒரு வகை. கதை சொன்னவர்களின் மனத்தயக்கத்தால் வந்தவை முற்றிலும் வேறொரு வகை. இரண்டையும் பிரித்துப் பார்க்க 'தியாகபூமி'யைவிடப் பொருத்தமான படம் எனக்குத் தெரிந்து வேறில்லை.

இயக்குநரிலிருந்தே தொடங்கலாம். சுப்ரமணியம் பாபநாசத்தில் பிறந்து வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். ராஜா சாண்டோவிடம் மௌனப்பட நாட்களில் சினிமா கற்று, 1934ல் 'பவளக்கொடி' மூலம் இயக்குநரானார். எம். கே. தியாகராஜ பாகவதரும் எஸ். டி. சுப்புலட்சுமியும் அந்தப் படத்தில்தான் திரைக்கு வந்தார்கள். 1937ல் வெளிவந்த 'பாலயோகினி'யில் கைம்பெண் பாத்திரத்துக்கு உண்மையிலேயே கைம்பெண்ணான ஒரு பிராமணப் பெண்ணை அவர் நடிக்கவைத்ததால், தஞ்சைப் பகுதிச் சனாதனிகள் அவரைச் சாதிப் பிரஷ்டம் செய்தார்கள். அடுத்த ஆண்டு, எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'சேவாசதன'த்தில் பொருந்தா மணத்தின் கொடுமையைச் சொன்னார். ஆகவே, சேரி மக்களுக்கு இடம் கொடுத்ததற்காக ஊரால் விலக்கப்படும் ஒரு சாஸ்திரியின் கதை அவர் கைக்கு வந்தபோது, அது அவர் தாமே பட்டறிந்த ஒன்றாகவும் இருந்தது.

கதை கல்கியுடையது. தஞ்சை மாவட்டத்து நெடுங்கரைக் கிராமத்தில் வாழும் சம்பு சாஸ்திரி, மழை வெள்ளத்தில் குடிசை இழந்த சேரி மக்களைத் தம் இடத்தில் தங்கவைக்கிறார். அக்ரகாரம் அவரை விலக்கிவைக்கிறது. அவருடைய மகள் சாவித்திரியை மணந்த ஸ்ரீதரன், மேனாட்டு நாகரிக மோகத்தில் மூழ்கியவன். கல்கத்தாவில் அவளை வேண்டாத பொருளாக நடத்துகிறான். கருவுற்ற நிலையில் துரத்தப்பட்டு ஊர் திரும்பும் மகள், தந்தை சென்னைக்குப் போய்விட்டதை அறிகிறாள். தேடி வந்து, பெற்ற குழந்தையைத் தந்தையின் அருகில் விட்டுவிட்டு மறைகிறாள். சாஸ்திரி அந்தக் குழந்தை யாருடையது என்று அறியாமலே சாரு என்று பெயரிட்டுக் குப்பத்தில் வளர்க்கிறார். ஆண்டுகள் கழித்து, சாவித்திரி உமாராணி என்ற பெயரில் பெருஞ்செல்வச் சீமாட்டியாகப் பம்பாயிலிருந்து திரும்புகிறாள். வாழ்ந்து கெட்ட ஸ்ரீதரன் மனைவி மீது உரிமை கோரி நீதிமன்றம் போகிறான். அவள் மறுக்கிறாள். முடிவில் அவள் தேசியப் போராட்டத்தில் இறங்க, மனம் மாறிய கணவனும் அதே வழியில் வந்து சேர்கிறான்.

படம் எடுக்கப்பட்டுக்கொண்டிருந்தபோதே கதை ஆனந்த விகடனில் தொடராக வந்தது. ஓவியருடைய படங்களுக்குப் பதிலாகப் படத்தின் நிழற்படங்களே அத்தியாயங்களுக்குத் துணையாக அச்சாயின. சாவித்திரியின் முகம் எஸ். டி. சுப்புலட்சுமியின் முகமாகவும், சாஸ்திரியின் முகம் பாபநாசம் சிவனின் முகமாகவும் வாசகர் மனத்தில் முன்கூட்டியே பதிந்துவிட்டன. கோடை, மழை, பனி, இளவேனில் என்று நான்கு பாகமாக விரியும் அந்தத் தொடரைப் படித்தவர்கள், அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வியோடு மட்டும் திரையரங்குக்கு வந்திருக்க மாட்டார்கள்; தெரிந்த துயரத்தைக் குரலோடு கேட்கவே வந்திருப்பார்கள். உணர்ச்சியைக் கூட்டிச் சொல்லும் மெலோடிராமாவுக்கு இதைவிட நல்ல பார்வையாளர் கிடையாது. அந்த வடிவத்தின் இன்பம் திடுக்கிடுவதில் இல்லை. வரப்போவதை அறிந்துகொண்டு அதற்காக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பதில்தான் இருக்கிறது.

இந்த வகைக் கதை தமிழ்த் திரைக்கு வந்த வழியையும் பார்க்க வேண்டும். 1931 அக்டோபர் 31 அன்று வெளியான 'காளிதாஸ்' தொடங்கிச் சில ஆண்டுகளுக்குப் பேசும்படம் என்றால் புராணமும் இதிகாசமும்தான். பிறகு நாடகக் குழுக்களின் சமூக நாடகங்கள் திரைக்கு நகர்ந்தன. வடுவூர் துரைசாமி ஐயங்காரின் நாவலை டி. கே. எஸ். சகோதரர்கள் நடிக்க ராஜா சாண்டோ 1935ல் 'மேனகா'வாக எடுத்தார். 1936ல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதிலீலாவதி' வந்தது. குடிப்பழக்கத்தால் சீரழியும் நாயகன், நண்பனைக் கொன்றுவிட்டதாக நம்பி இலங்கைக்குத் தப்பியோடி, தேயிலைத் தோட்டத்தில் கூலியாக உழைக்கிறான். தோட்டக்காட்டுக்குக் கப்பலேறிய எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் வாழ்க்கை, ஒரு குடிகாரனின் தண்டனைக் களமாகவேனும் அதில் தலைகாட்டியது. அந்தப் படத்துக்கும் 'பதிபக்தி' என்ற படத்துக்கும் இடையே கதைத் திருட்டு வழக்கு மூண்டபோது, இரண்டுமே ஹென்றி வுட் அம்மையாரின் ஒரே ஆங்கில மதுவிலக்கு நாவலிலிருந்து வந்தவை என்று 'சதிலீலாவதி'யின் கதையை எழுதிய எஸ். எஸ். வாசன் சாட்சி சொல்லி அதை முடித்துவைத்தார். தமிழ் மெலோடிராமாவின் குடும்பமரத்தில் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் மேடையும் விக்டோரியா காலத்து இங்கிலாந்தின் நாவலும் ஒட்டுப்போட்டுக் கிடக்கின்றன என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

இனி கருவியின் பக்கம். தொடக்கத்தில் பாட்டும் பேச்சும் படப்பிடிப்புத் தளத்திலேயே, நடிப்போடு சேர்த்தே பதிவாயின. நடிகர் பாட வேண்டும். பாடிக்கொண்டே நடிக்க வேண்டும். மைக்குக்குக் குரல் எட்டும் தூரத்துக்குள் நிற்க வேண்டும். ஆர்மோனியக்காரரும் தபேலாக்காரரும் காமிராவின் கண்ணுக்குப் படாமல், ஆனால் மைக்கின் காதுக்கு எட்டும்படி எங்காவது பதுங்க வேண்டும். 'பவளக்கொடி' அடையாற்றில் திறந்தவெளியில், சூரிய ஒளியில் படமாக்கப்பட்டது. மேகம் மூடினால் வேலை நின்றுவிடும். படப்பிடிப்புக் குழுவின் சாப்பாட்டுக்காகக் கூடும் காக்கைகள் ஒரு டேக்கை முழுதாக முடிக்கவிடாமல் கரைந்ததால், அவற்றை விரட்டுவதற்கென்றே ஏர்கன் ஏந்திய ஓர் ஆளைச் சம்பளத்துக்கு அமர்த்தினார்கள். அந்தப் படத்தில் 50 பாடல்கள் அளவுக்கு இருந்தன என்றால், அதற்கு ரசனை மட்டும் காரணமில்லை. பாட்டு வரும்போது நடிகர் ஓரிடத்தில் நிற்கலாம். குரல் சீராக இருக்கும். மேடையில் பழகிய நடிகருக்கு அதுவே உறுதியான நிலம். காமிரா அசையாமல் நின்றதையும், பாத்திரங்கள் வரிசையாக நின்று பேசியதையும், ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்கியதையும் இந்த நிலைமையோடு சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். 1938ல் 'நந்தகுமார்' படத்தில் மெய்யப்பச் செட்டியார் பின்னணிப் பாடலைக் கொண்டுவந்த பிறகுதான் இந்தக் கட்டு தளரத் தொடங்கியது. இவை கருவியின் குறைகள். இவற்றுக்காக யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது.

அதோடு, அந்தக் கட்டுப்பாடே ஒரு வலிமையாகவும் மாறியது. சம்பு சாஸ்திரியாக நடித்த பாபநாசம் சிவன் நடிகர் அல்லர். பாடல் இயற்றும் சாகித்தியகர்த்தா, மயிலாப்பூர் வீதிகளில் மார்கழி பஜனை பாடிவந்தவர். மேடை நடிகர்கள் கைவசம் வைத்திருந்த வீராவேசமும் விம்மலும் அவரிடம் இல்லை. ஆனால் அவர் வாயிலிருந்து வரும் பாட்டு, பாத்திரத்துக்கு மேல் ஒட்டவைத்ததாக இல்லாமல் பாத்திரத்தின் மூச்சாகவே ஒலித்தது. ஊர் விலக்கிவைத்த ஒருவரின் தனிமையை வசனத்தால் சொல்லியிருந்தால் அது பிரசங்கமாகியிருக்கும். அவர் பாடிக்கொண்டே நடக்கும்போது அவருக்கு இன்னும் பேச்சுத்துணை ஒன்று, அம்பாளோ ஆண்டவனோ, இருப்பதைப் பார்வையாளர் உணர்ந்துகொள்கிறார். நடிகரே பாட வேண்டும் என்ற தொழில்நுட்பக் கட்டாயம் இல்லாதிருந்தால் சிவனை யாரும் அந்த வேடத்துக்கு அழைத்திருக்க மாட்டார்கள் என்றே எண்ணுகிறேன். உணர்ச்சியைக் கூட்டிச் சொல்வதுதான் மெலோடிராமா என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அந்த வகைப் படம் ஒன்றின் நடுவிலேயே இவ்வளவு அடக்கமான ஒரு மனிதர் நிற்கிறார்.

சாருவாக வந்த பேபி சரோஜாவைப் பற்றியும் ஒரு சொல். இயக்குநரின் அண்ணன் தம்பி குடும்பத்துக் குழந்தையான அவர் 'பாலயோகினி'யிலேயே புகழ் பெற்று, இந்தியாவின் ஷெர்லி டெம்பிள் என்று கொண்டாடப்பட்டவர். தாய் யாரென்று அறியாத குழந்தை, தாத்தாவின் குப்பத்து வாழ்க்கைக்கும் உமாராணியின் மாளிகைக்கும் இடையே இழுபடுகிறது. பெற்றவளுக்கு உண்மை தெரியும், குழந்தைக்குத் தெரியாது, வளர்த்தவருக்கும் முழுதாகத் தெரியாது. பார்ப்பவர்களுக்கோ எல்லாம் தெரியும். யாராவது ஒருவர் வாய்திறந்து சொல்லிவிடக் கூடாதா என்ற தவிப்பை இந்த ஏற்பாடு உண்டாக்குகிறது. சகுந்தலையின் மோதிரக் காலத்திலிருந்து நாம் அறிந்த உத்திதான் இது. ஆனால் பேசும்படத்தில் அதற்குப் புதிய கூர்மை கிடைத்தது. மௌனப்படத்தில் ஒரு பாத்திரம் சொல்லாமல் விட்டதை நாம் கவனிப்பதே அரிது. பேசக்கூடிய ஒருத்தி பேசாமல் நிற்கும்போதுதான் மௌனம் காதில் விழுகிறது.

இப்படி அடக்கிவைத்த பேச்செல்லாம் வந்து சேரும் இடம் நீதிமன்றம். இந்த ஆய்வின் மையமும் அதுதான்.

ஸ்ரீதரன் தொடுப்பது தாம்பத்திய உரிமை மீட்பு வழக்கு: பிரிந்து வாழும் மனைவி தன்னோடு வந்து வாழ வேண்டும் என்று நீதிமன்றம் ஆணையிட வேண்டும் என்பது. ஆங்கிலேயச் சட்டத்திலிருந்து இந்தியாவுக்கு வந்த இந்த வழக்கு வகை, 1880களில் பம்பாயின் ருக்மாபாய் வழக்கால் நாடெங்கும் அறியப்பட்டது. சிறுவயதில் மணமுடிக்கப்பட்ட கணவனோடு வாழ அவர் மறுத்தார். வாழாவிட்டால் சிறை என்று 1887ல் தீர்ப்பு வந்தபோது சிறைக்குப் போகத் தயார் என்றார். முடிவில் 1888ல், 2,000 ரூபாயைப் பெற்றுக்கொண்டு கணவர் உரிமையைக் கைவிட்டார். மனைவியைச் சிறையில் அடைக்கும் வழி 1923ல் சட்டத்திருத்தத்தால் அடைக்கப்பட்டுவிட்டது. ஆனால் ஆணைக்குக் கீழ்ப்படியாதவரின் சொத்தை ஜப்தி செய்யலாம் என்பது தொடர்ந்தது. 1939ல் சாவித்திரியைப் போன்ற ஒரு பெண்ணுக்கு விவாகரத்து என்ற வழியே கிடையாது. கணவன் எவ்வளவு கொடியவனாக இருந்தாலும் மணம் மணம்தான்.

இந்தப் பின்னணியில் சாவித்திரி நீதிமன்றத்தில் நின்று, கணவனோடு போக முடியாது என்கிறாள். அதற்கும் மேலே போய், வேண்டுமானால் அவனுக்குத் தான் ஜீவனாம்சம் கொடுக்கத் தயார் என்கிறாள். கணவன் மனைவிக்குப் படியளப்பதே உலக வழக்கம் என்று நம்பிய சபையில், அந்த வழக்கத்தை அப்படியே கவிழ்த்து வைக்கும் பேச்சு அது. தன்னை வேண்டாமென்று தள்ளியவன், தன் கையில் பணம் வந்தபிறகு தேடி வருவதன் பொருள் என்ன என்பதை அவள் திட்டி விளக்க வேண்டியதில்லை. ஜீவனாம்சம் என்ற அந்த ஒரு சொல்லே விளக்கிவிடுகிறது. வழக்கறிஞராக இருந்த இயக்குநருக்கும், சொல்லின் எடையை நிறுத்துப் பார்க்கத் தெரிந்த கல்கிக்கும் இந்த இடத்தின் சட்டக் கூர்மை நன்றாகவே தெரிந்திருந்தது.

தொடக்ககாலப் பேசும்படத்தின் குறையாக எதையெல்லாம் சொல்கிறோமோ, அதெல்லாம் இந்தக் காட்சியில் நிறையாகிவிடுவதைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றத்தில் மனிதர்கள் ஓரிடத்தில் நின்றுதான் பேசுவார்கள். ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்குவார். காமிரா அலைய வேண்டியதில்லை. மைக் இருக்கும் இடம் உறுத்தாது. நீண்ட பேச்சு அங்கே இயல்பானது. ஹாலிவுட்டும் இதைச் சீக்கிரமே கண்டுகொண்டது. ஒரு பிரெஞ்சு நாடகத்தைத் தழுவி லயனல் பாரிமோர் 1929ல் இயக்கிய 'மேடம் எக்ஸ்' படத்தில், கூண்டில் நிற்கும் பெண்ணுக்காக வாதாடும் இளம் வழக்கறிஞன் அவள் தன் தாய் என்பதை அறியமாட்டான். ஒலி வந்த புதிதில் நீதிமன்றக் கதைகள் அங்கே குவிந்ததற்கு இந்த வசதி ஒரு காரணம். ஆனால் 'மேடம் எக்ஸ்' தாய் தன் மகனின் நற்பெயருக்காக வாய்மூடி நிற்கிறாள். அவளுடைய பெருமையே அவள் பேசாமைதான். சாவித்திரி பேசுகிறாள். அந்த நாளில் மேடையிலும் நாவலிலும் பெண்ணின் துன்பத்துக்குக் கண்ணீர் என்ற ஒரே வடிவம்தான் பெரும்பாலும் அனுமதிக்கப்பட்டிருந்தது. திரையில் தெரிகிற பெண், தன் சொந்தக் குரலில், பொதுச்சபை ஒன்றில், எழுத்தில் பதிவாகிற சாட்சியமாகத் தன் மறுப்பைச் சொன்னாள் என்பதுதான் இந்தப் படத்தின் வெற்றி. அதைக் கேட்பதற்கு அன்று எழுத்தறிவு தேவைப்படவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதை முழுமனத்தோடு சொல்லிவிட்டுத்தான் குறைகளுக்கு வருகிறேன்.

முதலாவது, சாவித்திரி அந்தக் கூண்டுக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பது. துரத்தப்பட்ட ஒரு பெண், கையில் காசில்லாமல் பம்பாய்க்குப் போகிறாள், அங்கே எதிர்பாராமல் பெருஞ்செல்வம் கிடைக்கிறது, உமாராணியாகத் திரும்புகிறாள். 'சதிலீலாவதி'யின் நாயகனும் தோட்டத்தில் புதையல் கண்டெடுத்து, முதலாளியின் சுவீகாரப் புத்திரனாகிக் கரையேறுகிறான். வறுமையிலிருந்து மீள உழைப்போ, சட்டமோ, மற்ற பெண்களின் துணையோ வழியாகாமல், வானத்திலிருந்து விழும் சொத்து மட்டுமே வழியாகும்போது, கதை தான் எழுப்பிய கேள்வியிலிருந்து நழுவுகிறது. பணமில்லாத சாவித்திரி அந்தக் கூண்டில் என்ன சொல்லியிருப்பாள்? ஜீவனாம்சம் தருகிறேன் என்ற அந்த ஒப்பற்ற பேச்சு, பணக்காரிக்கு மட்டுமே சாத்தியமான பேச்சு. இதற்கு ஒரு மறுப்பும் உண்டு: சொத்து இருந்தால்தானே ஜப்தி என்ற அச்சுறுத்தலுக்குப் பொருள் உண்டு, ஆகவே வழக்கின் நெருக்கடிக்கே அந்தச் செல்வம் தேவை என்று வாதிடலாம். நியாயமான வாதம். ஆனாலும் செல்வம் எப்படி வந்தது என்பதைக் கதை விளக்கிக் காட்டாமல் தாண்டிப் போவதற்கு இது விடையாகாது. இதற்கு மைக்கும் காமிராவும் பொறுப்பல்ல.

இரண்டாவது குறை இதைவிட ஆழமானது. சாவித்திரியின் துன்பத்துக்குக் காரணமாகப் படம் கைகாட்டுவது ஸ்ரீதரனின் மேனாட்டு மோகத்தை. அவனுடைய உடை, பேச்சு, பழக்கவழக்கம் எல்லாம் அந்நியமானவை. ஆகவே அவன் கெட்டவன். ஆனால் கதை வைத்திருக்கும் செய்திகளையே எடுத்துப் பார்ப்போம். பெண்ணின் சம்மதத்தை யாரும் கேட்காமல் திருமணத்தை நிச்சயித்தது ஊர்வழக்கம். சம்பந்திகளின் எதிர்பார்ப்புக்கும் கல்யாணச் செலவுக்கும் ஈடுகொடுக்க முடியாமல் சாஸ்திரியின் சொத்து கரைந்தது அக்ரகாரத்து வழக்கம். புகுந்த வீட்டில் மருமகளை வதைப்பதற்கு ஆங்கிலப் படிப்பு தேவைப்படவே இல்லை. கோட்டும் சூட்டும் வருவதற்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே இருந்த கொடுமையை, கோட்டும் சூட்டும் கொண்டுவந்த கொடுமையாகக் காட்டியதால், பார்வையாளர் தம் வீட்டைக் குற்றம் சொல்லாமலே கண்ணீர் விடும் வசதி கிடைத்தது. மெலோடிராமாவுக்கு ஒரு வில்லன் வேண்டும். வழக்கத்தை வில்லனாக்குவதைவிட ஒரு மனிதனின் உடுப்பை வில்லனாக்குவது எளிது. எளிதானதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

சேரி மக்களைக் காட்டிய விதத்திலும் இதே நழுவல் இருக்கிறது. படம் வெளிவந்த ஏழே வாரங்களில், 1939 ஜூலை 8 அன்று, மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துச் சென்றார். அப்படிப்பட்ட காலத்தில், அவர்களுக்கு இடம் கொடுத்ததற்காகச் சாதியிழக்கும் ஒரு பிராமணரை நாயகனாக வைத்தது சிறிய துணிவல்ல. சுப்ரமணியம் அதற்கான விலையையும் முன்பே கொடுத்திருந்தார். ஆனால் அந்த மக்கள் படத்தில் காப்பாற்றப்படுகிறவர்களாகவே இருக்கிறார்கள். வெள்ளத்தில் அவர்கள் இழந்தது என்ன, மறுநாள் எங்கே போனார்கள் என்பது கதைக்கு வேண்டியிருக்கவில்லை. சாஸ்திரி இழந்த சாதிதான் கதைக்கு வேண்டியிருந்தது. குப்பத்திலும் அவர் பஜனை பாடித் திருத்துகிறவர். அவர்கள் கேட்டுத் திருந்துகிறவர்கள். சாவித்திரிக்கு ஒரு கூண்டைத் தந்து பேசவைத்த படம், சேரி மக்களில் ஒருவனான நல்லானுக்கு அப்படி ஓர் இடத்தைத் தரவில்லை. ஒலி என்பது யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பார்க்கும்போது, தொடக்ககாலப் பேசும்படங்களின் மிகப் பெரிய குறை எனக்கு இங்கேதான் தெரிகிறது.

பாட்டுகள் கதையை நிறுத்துகின்றன, நகைச்சுவைத் துண்டுகள் ஒட்டவில்லை, படம் நீளம் என்ற புகார்கள் உண்மைதான். ஒரு முழு மாலைப்பொழுதுக்குக் காசு கொடுத்து வந்த அந்தக் காலப் பார்வையாளருக்கு அவை குறைகளாகத் தோன்றியிருக்காது என்பதால் அவற்றில் நிற்க வேண்டியதில்லை.

முடிவுக்கு வருவோம். நீதிமன்றத்தோடு கதை முடிந்திருக்கலாம், முடியவில்லை. சாவித்திரி செல்வத்தைத் துறந்து தேசத்தொண்டில் இறங்குகிறாள். தேசிய ஊர்வலக் காட்சிக்கு டி. கே. பட்டம்மாள் பாடிய 'தேச சேவை செய்ய வாரீர்' பாடல் சேர்க்கப்பட்டது. பக்திப் பாடலும் தேசபக்திப் பாடலும் தவிரத் திரையில் வேறெதுவும் பாடமாட்டேன் என்று பின்னாளிலும் உறுதியாக இருந்த அந்தக் கலைஞரின் முதல் திரைப்பாடல் அனுபவம் இது. காந்தியடிகள் தோன்றும் ஆவணக் காட்சித் துண்டும் படத்தில் இணைக்கப்பட்டது. காங்கிரஸ் அமைச்சரவை இருந்த 1937 முதல் 1939 வரையான இடைவெளியில் தணிக்கையின் பிடி தளர்ந்திருந்ததால்தான் இதெல்லாம் திரைக்கு வர முடிந்தது. 1939 அக்டோபரில் அமைச்சரவை விலகிய பிறகு, அரசு படத்தைத் தடைசெய்தது. தடை வருகிறது என்று தெரிந்ததும் கெயிட்டியில் இலவசமாகவே தொடர்ந்து காட்டினார்கள் என்பதும், கூட்டத்தின் மீது போலீஸ் தடியடி நடத்தியது என்பதும் தமிழ்த் திரை வரலாற்றில் திரும்பத் திரும்பப் பதிவான செய்திகள். ஓர் அழுகைப் படம் என்று ஒதுக்கப்படக்கூடிய ஒன்றை ஓர் அரசு அஞ்சியது என்பதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. பார்வையாளரிடம் மூன்று மணி நேரமாகச் சேர்த்துவைத்த தவிப்பை ஒரு கொடியின் பக்கம் திருப்பிவிட மெலோடிராமாவால் முடியும் என்பதை அன்றைய ஆட்சியாளர்கள் விமர்சகர்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள்.

ஆயினும் அந்தக் கொடி இன்னொரு வேலையும் செய்தது. கணவனாக ஏற்க முடியாது என்று சாவித்திரி மறுத்தவனை, சக தொண்டனாக அவளருகே திரும்பக் கொண்டுவந்து நிறுத்தியது. ஸ்ரீதரன் அவளிடம் செய்த தவறுக்கு அவளிடமே பதில் சொல்ல வேண்டியிருந்தது; தேசத்திடம் பதில் சொல்லி அவன் தப்பித்துக்கொள்கிறான். நாட்டுக்காகச் செய்த தியாகம் வீட்டுக்குள் செய்த கொடுமையின் கணக்கை அடைத்துவிடுமா என்று படம் கேட்கவில்லை, அடைத்துவிட்டதாகவே வைத்துக்கொள்கிறது. 1939ல் ஒரு மண உறவை முறித்தபடியே படத்தை முடிப்பது எளிதல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கூண்டில் நின்று அவள் சொன்ன சொல்லை அப்படியே நிற்கவிட்டிருந்தால், தேசத்தொண்டின் மதிப்பும் குறைந்திருக்காது.

சட்டம் மெதுவாகவே நகர்ந்தது. இந்து மணமான பெண்களுக்குத் தனி வசிப்பிடமும் ஜீவனாம்சமும் கோரும் உரிமை 1946ல் வந்தது. சென்னை மாகாணம் 1949ல் இருதார மணத்தைத் தடுத்து விவாகரத்துக்கு வழி திறந்தது. 1955ன் இந்துத் திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது. அந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி கணவனும் மனைவியிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். ஆனால் அதே சட்டத்தின் 9ஆம் பிரிவாக, ஸ்ரீதரன் தொடுத்த தாம்பத்திய உரிமை மீட்பு வழக்கும் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது. 1983ல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. 1984ல் உச்சநீதிமன்றம் அது செல்லும் என்று சொல்லிவிட்டது. 'தியாகபூமி'யின் படச்சுருள் பூனாவிலுள்ள தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. அதில் சாவித்திரி மறுத்துப் பேசும் அந்த வழக்கை, இன்றைக்கும் ஒரு குடும்பநல நீதிமன்றத்தில் யாரும் தொடுக்கலாம்.